கவனம் சிதறும் பிள்ளையும் கணக்கு டாலியாகும் வங்கியும்

(நம் சங்கத்தின் ஏற்காடு சுற்றுலாவில், சேர்வராயன் கோயில் அருகே திறந்தவெளியில் மதிய உணவுக்கு முன் பேசியது. காற்றில் பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று பலர் சொன்னதால், செயலாளர் கேட்டபடி எழுதித் தந்திருக்கிறேன்.)



குகைக்குள் குனிந்து போய் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். பசி நேரம். இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சென்ற பொதுக்கூட்டத்தின் அஜெண்டாவில் 'குழந்தைகளால் ஏற்படும் தொந்தரவு' என்று ஒரு வரி இருந்தது. லிஃப்டின் எல்லா பட்டனையும் அழுத்துவது, மாடிப்படியில் ஓடுவது, பந்து பட்டுப் பூந்தொட்டி உடைவது என்று பலர் பேசினார்கள். யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனாலும் பாதிப் பேருடைய பார்வை என் மகள் பக்கம் போனது. அவளுடைய மகன், என் பேரன், ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்கு ஏ.டி.ஹெச்.டி. இருப்பதாக மருத்துவர்கள் உறுதி செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. தமிழில் கவனக்குறைவு மற்றும் மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு என்கிறார்கள். இதை உங்களிடம் பேசலாமா என்று அவன் அப்பா அம்மாவிடம் கேட்டேன், அவனிடமும் கேட்டேன். "பேசு பாட்டி, ஆனா ரொம்ப நேரம் பேசாதே" என்றான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மூன்று மாதமாக அவன் கீழே விளையாட வருவதில்லை. யாரும் தடுக்கவில்லை, அவனாக நிறுத்திக்கொண்டான். சாயங்காலம் பால்கனியில் நின்று மற்றப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கிறான். நான் பேச ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

நான் பி.காம். முடித்துவிட்டு 37 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவள். டாக்டர் இல்லை. மருத்துவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் கணக்கெழுதியவளின் பார்வையில் சொல்கிறேன்.

முதலில், இது புதிதாக முளைத்த நோயா? "எங்க காலத்துல இதெல்லாம் ஏது, செல்போன் வந்த பிறகுதான்" என்று பலர் சொல்கிறீர்கள். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் சொற்பொழிவுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளை விவரித்திருக்கிறார். அறிவில் குறை இல்லை, வளர்ப்பிலும் குறை இல்லை, ஆனாலும் தன்னை அடக்கிக்கொள்ள முடியாத பிள்ளைகள். அப்போது வானொலி கூட வீட்டுக்கு வரவில்லை. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதற்குக் கவனக்குறைவுக் கோளாறு என்று பெயர் வைத்தது. 1987-ல் மிகைச்செயல்பாடும் பெயரில் சேர்ந்தது. நம் காலத்திலும் இந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். வால், அடங்காப்பிடாரி, மக்கு, சோம்பேறி என்று கூப்பிட்டோம். பலர் எட்டாம் வகுப்போடு நின்றுபோனார்கள்.

எத்தனை பேருக்கு இருக்கும்? உலகம் முழுக்க நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2007-ல் போட்ட கணக்கில் 100 பிள்ளைகளுக்கு சுமார் 5 பேர். நம் பக்கத்திலேயே கோயம்புத்தூரில், நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பிள்ளைகளைப் பார்த்து 2013-ல் வெளியான ஆய்வில் 11.32 சதவீதம். கேள்வித்தாள், வயது, பள்ளி இவற்றைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் குடியிருப்பில் 60 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் மூன்று பேர். கோவைக் கணக்குப்படி ஆறேழு பேர். என் பேரன் அதில் ஒருவன்தான். மற்றவர்கள் யார் என்று அவர்கள் வீட்டுக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஏனென்றால் எல்லாப் பிள்ளைகளும் ஓட மாட்டார்கள். இதில் மூன்று வகை சொல்கிறார்கள். கவனம் மட்டும் சிதறுவது, துறுதுறுப்பும் அவசரமும் மட்டும் இருப்பது, இரண்டும் சேர்ந்தது. முதல் வகைப் பிள்ளை வகுப்பில் சத்தம் போடாது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கும். கேட்டால் திடுக்கிட்டு விழிக்கும். பெண் பிள்ளைகளில் இது அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. "கனவு கண்டுக்கிட்டே இருக்கா" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

அப்படியானால் துறுதுறு என்றிருக்கும் பிள்ளைக்கெல்லாம் இதுவா? இல்லை. மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் கடுமையானது. ஒன்பது ஒன்பதாக இரண்டு அறிகுறிப் பட்டியல்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் ஆறு அறிகுறிகளாவது ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீட்டில் மட்டும் போதாது, பள்ளி, உறவினர் வீடு என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். படிப்பையோ பழக்கத்தையோ கெடுக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். காது, கண், தூக்கம், தைராய்டு, வீட்டுச் சண்டை என்று வேறு காரணங்கள் இல்லை என்றும் பார்க்க வேண்டும். எங்கள் பையனுக்கு இதையெல்லாம் பார்த்து முடிக்க நாலைந்து தடவை போய் வந்தோம். ஒரே தடவை பார்த்துவிட்டு முத்திரை குத்துகிற இடத்தில் அவசரப்படாதீர்கள்.

எதனால் வருகிறது? இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள் மரபின் பங்கு 70 சதவீதத்துக்கு மேல் என்று சொல்கின்றன. மருத்துவர் பையனைப் பற்றிக் கேள்வி கேட்கக் கேட்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் மாப்பிள்ளை, "சார், இது என் ஸ்கூல் கதை மாதிரி இருக்கே" என்றார். இது பெரியவர்களுக்கும் தொடரும். பாதி முடித்த வேலைகள், நாலு முறை தேடும் வண்டிச் சாவி, கடைசி தேதி தாண்டிக் கட்டும் கரண்ட் பில் என்று சின்ன வயதிலிருந்தே தொல்லைப்படுகிறவர்கள் உங்களில் இருந்தால், அவர்களும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். இனிப்பு தின்பதால் வருகிறது என்பது தவறு. 1995-ல் அதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதில்லை என்று எழுதிவிட்டார்கள். அம்மா வேலைக்குப் போவதால் வருகிறது என்பதும் தவறு.

அமெரிக்காவில் 2007-ல் பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். மூளையின் மேலுறை முழுத் தடிமன் அடைவது மற்றப் பிள்ளைகளுக்கு சராசரியாக ஏழரை வயதில் என்றால், இந்தப் பிள்ளைகளுக்குப் பத்தரை வயதில். வரிசை அதேதான், மூன்று வருடம் தாமதம். அதிகம் பின்தங்கியது கவனத்தையும் அடக்கத்தையும் கவனிக்கும் முன்பகுதி. இந்த ஒரு தகவல் எங்கள் வீட்டில் பெரிய மாற்றம் செய்தது. கணக்கில் பத்து வயதுப் பிள்ளைக்குச் சமமாக இருப்பவனிடம், காத்திருப்பதில் மட்டும் ஏழு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதை எதிர்பார்க்கிறோம்.

"பிடிச்ச விஷயத்துல மட்டும் கவனம் எங்கேருந்து வருது?" என்றும் கேட்கிறீர்கள். காலையில் பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்று விடாமல் எண்ணினான். எந்த வளைவில் குரங்கு உட்கார்ந்திருந்தது என்றுகூடச் சொன்னான். அதே பையன் கோயில் வரிசையில் பத்து நிமிடம் நிற்கத் தவித்துப்போனான். கவனமே இல்லை என்பது இல்லை, வேண்டிய இடத்துக்கு அதைத் திருப்புவதுதான் அவனுக்குக் கடினம். கண் பார்வை குறைந்தவனை உற்றுப் பார் என்று சொன்னால் எழுத்து தெரிந்துவிடாது. அதைப் போலத்தான், "கவனமா இரு" என்று ஆயிரம் தடவை சொல்வதும்.

இங்கேதான் என் வங்கி ஞாபகம் வருகிறது.

37 வருடத்தில் என் மேலதிகாரிகள் யாரும் "கவனமா இரு" என்ற வார்த்தையை நம்பி ஒரு ரூபாயைக் கூட விட்டதில்லை. மனிதக் கவனம் நழுவும் என்பதை ஒப்புக்கொண்டுதான் வங்கி கட்டப்பட்டிருக்கிறது. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். வவுச்சரை ஒருவர் எழுதினால் இன்னொருவர் பாஸ் செய்வார். லெட்ஜரில் நான் பதிந்ததை ஆபீசர் சரிபார்த்து இனிஷியல் போடுவார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் மேக்கர், செக்கர் என்று அதே ஏற்பாடு. அன்றைய கணக்கு அன்றே டாலி ஆக வேண்டும். நன்றாகப் படித்த, சம்பளம் வாங்குகிற பெரியவர்களுக்கே இத்தனை ஊன்றுகோல் தேவைப்படுகிறது. பத்து வயதுப் பையனை மட்டும் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கச் சொல்கிறோம்.

டாலி ஆகாவிட்டால் என்ன செய்வோம்? வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால் எண்கள் இடம் மாறியிருக்கலாம், 45-க்குப் பதில் 54. இரண்டால் வகுத்து, அந்தத் தொகையில் ஒரு பதிவு இருக்கிறதா என்று தேடுவோம். வரவில் போட வேண்டியதைப் பற்றில் போட்டிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாக வரும். தவறுக்கு ஒரு ஜாடை உண்டு, அதைப் பிடித்தால் இடம் தெரியும். வீட்டிலும் அப்படித்தான் தேடினோம். அவனுடைய கணக்கு நோட்டைப் புரட்டினால், பக்கத்தின் மேல் பாதியில் தவறு ஏறக்குறைய இல்லை. கீழ்ப் பாதியில்தான் அத்தனையும். கணக்கு தெரியாதவனுக்கு இரண்டு பாதியிலும் தவறு வரும். இப்போது பாதிப் பக்கம் போட்டதும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருகிறான். பள்ளியிலும் சொன்னோம், முன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

இன்னும் நாலு ஏற்பாடு செய்திருக்கிறோம். எல்லாம் வங்கியிலிருந்து எடுத்தவைதான்.

ஒன்று, வாய்வார்த்தை செல்லாது. "குளிச்சுட்டு, டிரஸ் போட்டுட்டு, டிபன் சாப்பிட்டு, ஷூ போடு" என்றால் முதலாவதோ கடைசியோதான் அவன் தலையில் நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு வேலை. மீதியை எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

இரண்டு, இரவு எட்டு மணிக்கு டே க்ளோசிங். நாளைக்கு வேண்டிய புத்தகம், பென்சில் பாக்ஸ், டைரி எல்லாவற்றையும் அவன் பையில் வைத்துப் பட்டியலில் டிக் போடுவான். நான் பார்த்து இனிஷியல் போடுவேன். நான் ஊரில் இல்லாவிட்டால் அவன் அப்பா போடுவார். அவர் பையைப் பையன் செக் செய்வான்.

மூன்று, டோக்கன். பழைய நாளில் பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். தன் முறை வரும் என்று கையில் அத்தாட்சி இருக்கிறது. "கொஞ்ச நேரம் பொறு" என்பது அவனுக்குப் புரியாத கெடு. சமையலறை டைமரைத் திருப்பி வைத்து "மணி அடிக்கிற வரைக்கும்" என்றால் பொறுக்கிறான். இன்றைக்குக் கோயில் வரிசையில் முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும் வேலை கொடுத்தோம். தவித்தான், ஆனால் நின்றான்.

நான்கு, வட்டி உடனே வரவு வைக்க வேண்டும். சேமிப்புக் கணக்குக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி போட்டோம். இவனுக்கு "முழுப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் சைக்கிள்" என்பது பலிக்காது. செய்த உடனே ஒரு நல்ல வார்த்தை. தவறுக்கும் அப்படியே, அன்றைக்கே, சுருக்கமாக.

மருந்து பற்றிக் கேட்பீர்கள். சிறு பிள்ளைகளுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான். பள்ளி வயதில் தேவைப்பட்டால் மருந்து தருவார்கள். அதிகம் பயன்படும் மெத்தில்ஃபெனிடேட் 1944-லேயே சுவிட்சர்லாந்தில் தயாரானது. இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால் மருத்துவர் சீட்டில்லாமல் தர மாட்டார்கள், எல்லாக் கடையிலும் இருக்காது. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வேறு வகை மருந்துகளும் உண்டு. எங்கள் பையனுக்கு என்ன தருகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் மருந்து இன்னொருவருக்குச் சரிவராது. மருந்து கண்ணாடி மாதிரி. போட்டிருக்கும்போது உதவும், பாடத்தை அது படித்துத் தராது.

எங்கே போவது? மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013-ல் தொடங்கியது. பிறந்தது முதல் 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அந்தத் திட்டத்தின் பட்டியலில் ஏ.டி.ஹெச்.டி.யும் இருக்கிறது. அதற்காக மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் வைத்திருக்கிறார்கள், அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். குழந்தை மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் கேட்கலாம். யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமனஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக நம் குடியிருப்பு. தொந்தரவு பட்டவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் இருக்கிறார். முழங்கால் ஆபரேஷன் ஆனவர் படியில் இறங்கும்போது ஒரு பிள்ளை ஓடிவந்து மோதினால் என்ன ஆகும்? ஏ.டி.ஹெச்.டி. என்பது காரணத்தைச் சொல்லும், கடனைத் தள்ளுபடி செய்யாது. உடைந்த தொட்டிக்கு மகள் பணம் கொடுத்தாள். பையன் தானே போய் மண் நிரப்பிச் செடி வைத்தான். அதை மாற்றச் சொல்லவில்லை. நான் கேட்பது மூன்றுதான்.

பிள்ளையிடமே நேராக, சுருக்கமாகச் சொல்லுங்கள். "ஏன்டா இப்படிப் பண்றே?" என்றால் பதில் அவனுக்கே தெரியாது. "இங்கே நட, தம்பி" என்றால் நடப்பான். இரண்டு நிமிடம் கழித்து மறப்பான், மறுபடி சொல்லுங்கள். செக்யூரிட்டி அண்ணனுக்கும் இதைச் சொல்லி வைப்போம்.

புகாரை வவுச்சர் மாதிரி எழுதுங்கள். தேதி, நேரம், இடம், என்ன நடந்தது. "எப்போதும் இப்படித்தான்", "வளர்ப்பு சரியில்லை" என்பவை கணக்கில் ஏறாத பதிவுகள். நடந்ததை எழுதித் தந்தால், பெற்றோர் மருத்துவரிடம் காட்டவும் உதவும். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நடக்கிறது என்றால் அதிலும் ஜாடை கண்டுபிடிக்கலாம். மூன்று புகாரும் பள்ளி விட்டு வந்த முதல் அரை மணியில் என்றால், அந்த அரை மணிக்கு ஒரு வழி செய்யலாம்.

மூன்றாவது, வேலை கொடுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுவது, கூட்டத்துக்கு நாற்காலி போடுவது, நோட்டீஸ் ஒட்டுவது. உட்கார முடியாத பிள்ளைக்கு ஓடுகிற வேலை கிடைத்தால் அவனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

இந்த மூன்றும் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். யாருக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடிக்கவே வேண்டாம்.

நாளை திங்கட்கிழமை. சாயங்காலம் ஐந்தரைக்குப் பிள்ளைகள் கீழே கூடுவார்கள். இரண்டாவது மாடி பால்கனியில் ஒருவன் நிற்பான். பாட்டி கூப்பிட்டால் வர மாட்டான். உங்கள் பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, சாம்பார் சாதம் ஆறுகிறது.